எனக்கு வந்து சேராத செய்தி

1

மனோகரியின் நாலாவது ஆண்டுத் திவசத்துக்கு ஆரணி வரவில்லை.

மனோகரி என் மனைவி. ஆரணி எங்கள் ஒரே பிள்ளை. கலியாணம் முடித்து சுவிஸின் பேர்ண் நகரில் இருக்கிறாள். சின்னஞ்சிறுசுகளைப் பகலில் பராமரிக்கும் நிலையமொன்றில் அவளுக்கு வேலை. இங்கே எல்லோரும் அதைக் கிட்டா என்பார்கள். நான் சோலோதுர்னில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்துகொண்டு, மூன்று பேர் இருந்த வீட்டில் தனியாக இருக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் திவசத்தன்று ரெயிலில் பேர்ணுக்குப் போவேன். அவள் கோவில் வாசலில் நிற்பாள். பூசை முடிந்ததும் இருவருமாக அவளுடைய வீட்டுக்குப் போவோம், நான் சமைப்பேன். அதுதான் வழக்கம்.

இந்த வருஷம் காலையிலேயே போன் வந்தது.

"அப்பா, எனக்கு இண்டைக்கு வர ஏலாது."

"ஏன் பிள்ளை?"

"வேலையிலை ஆக்கள் காணாது."

"அம்மாவின்ரை திவசமெல்லோ."

"தெரியும் அப்பா."

குரல் அடைத்திருந்தது. சளித் தடிமனாக்கும் என்று நினைத்தேன். என்னவென்று கேட்டிருக்கலாம். மனதில் இருந்த கோபம் கேட்க விடவில்லை.

தனியாகத்தான் போனேன். ஐயர் மனோகரியின் பெயரும் நட்சத்திரமும் சொல்லி நெய்விளக்கு ஏற்றினார். யாரோ ஒரு பெண் பிள்ளை தட்டில் சோறு தந்தாள். சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வரும்போது டிராமில் இருக்க இடம் கிடைத்தது. இருந்தவுடன் கை தானாகவே போனை எடுத்தது. வன்னிப் பக்கம் பஸ் ஒன்று குடைசாய்ந்துவிட்டது என்று படத்தோடு போட்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டே ஆரணிக்கு எடுத்தேன்.

"பாத்தனியோ பிள்ளை? வன்னியிலை பஸ் பிரண்டு போச்சு. பள்ளிக்கூடப் பிள்ளையளும் இருந்ததாம்."



"எத்தினை பேர் அப்பா?" என்று கேட்டாள்.

சொன்னேன். படத்தில் கண்டதையும் சொன்னேன். றோட்டில் செருப்புகள் சிதறிக் கிடந்ததைச் சொன்னேன். "ஓம் அப்பா... ஓம் அப்பா" என்றாள். வேலை நேரத்தில் அதிகம் மினக்கெடுத்தக் கூடாது என்று வைத்துவிட்டேன்.

2

இந்தப் பழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊரில் இருக்கும் உங்களுக்கும் இது இருக்கலாம். ஆனால் உங்களுக்கு அது வீட்டுப் படலைக்கு வெளியே நடப்பது. எங்களுக்கு அப்படியல்ல.

காலை வேலைக்கு எழும்பினால் பல் தீட்டுமுன் பெருவிரல் ஓடத் தொடங்கிவிடும். விபத்து, வெள்ளம், யானை அடித்தது, கிணற்றில் விழுந்தது, கடன் தொல்லையில் நஞ்சு குடித்தது, வழக்குக்குப் போன காணி. அதற்குப் பிறகு மரண அறிவித்தல்கள். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன நாட்டை வதிவிடமாகவும் கொண்ட இன்னார். எனக்குத் தெரியாதவர்களுடையதையும் கடைசி வரிவரை வாசிப்பேன். பிள்ளைகள் லண்டன், மருமக்கள் கனடா, சகோதரம் நோர்வே. ஒரு குடும்பம் எங்கெங்கே சிதறிக் கிடக்கிறது என்பதை அந்த ஒரு பக்கத்தில் பார்த்துவிடலாம். அதுவும் முடிந்தால் உலகம் இருக்கிறது. உலகத்தில் எங்கேயாவது ஒரு சண்டை இருக்கும், எங்கேயாவது ஒரு மலை சரிந்திருக்கும்.

வேலையில் இடைவேளை விட்டால் மற்றவர்கள் வெளியே போய்ப் புகைப்பார்கள். நான் குளிரறைக்குப் பக்கத்தில் நின்று திரையை மேலே தள்ளிக்கொண்டிருப்பேன்.

யுத்தத்தின் கடைசி மாதங்களில்தான் இது தொடங்கியது. அப்போது இதற்கு ஒரு காரணம் இருந்தது. மனோகரியின் தம்பி வன்னிக்குள் அகப்பட்டிருந்தார். கணினிக்கு முன்னால் இரண்டு கதிரைகளைப் போட்டுக்கொண்டு, வருகிற ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி முகம் முகமாகத் தேடினோம். ஆரணி பள்ளிக்கூடத்தால் வந்து தானே பாணில் வெண்ணெய் பூசிச் சாப்பிட்டுவிட்டுப் படிப்பாள். தம்பி உயிரோடு வெளியே வந்தார். தேடுவதற்கு ஆள் இல்லாமற்போனது. கண் மட்டும் தேடுவதை நிறுத்தவில்லை போலும்.

மனோகரி இருந்த காலத்தில் அது என்னைப் பெரிதாகக் கெடுக்கவில்லை என்று இப்போது விளங்குகிறது. நான் சத்தமாக வாசிப்பேன். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டே "ஐயோ பாவம்" என்பாள். ஒரு நிமிஷம் கத்தி நிற்கும். பிறகு, "சரி, அந்தத் தேங்காயைத் திருவித் தாங்கோ" என்பாள். அத்தோடு செய்தி முடிந்துவிடும். அவள் போன பிறகு ஒரு செய்தியும் முடிவதில்லை. இரங்குவதற்கு இன்னொரு வாய் வேண்டும் என்பது எனக்கு அதற்குமுன் தெரியாது.

அதனால்தான் ஆரணிக்குப் போன் எடுக்கத் தொடங்கினேன். ஒருநாள் சொன்னாள்:

"அப்பா, நீங்கள் எப்ப போன் எடுத்தாலும் ஆரோ செத்திருக்கினம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

3

மானிப்பாயில் இருக்கும் என் தங்கை வதனிக்கும் எடுப்பேன். போன மாரியில் நடந்தது இது.

"வதனி, வெள்ளமாமெல்லே? வீட்டுக்கை தண்ணி வந்ததோ?"

"எங்கை அண்ணை? இஞ்சை வெயில் எறிக்குது. நான் மிளகாய் காயப் போட்டிருக்கிறன்."

"செய்தியிலை போட்டிருக்கிறாங்கள்."

"அது வேறை எங்கையனாக்கும். நீங்கள் சாப்பிட்டியளோ?"

அவளுடைய முற்றத்து வெயிலைவிட என் கையிலிருந்த மழையைத்தான் நான் நம்பினேன். வைத்த பிறகும் வானிலைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த நாட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோதும் இது என்னைக் காட்டிக்கொடுத்தது. இங்கே ஊர் நிர்வாகத்தினர் முன்னால் போய் இருந்து கதைக்க வேண்டும். அரை வாழ்க்கையை இங்கே கழித்தவன், வரி கட்டுகிறவன், இதில் என்ன இருக்கிறது என்று கோட்டுப் போட்டுக்கொண்டு போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இந்த ஊரில் கடைசியாக நடந்த வாக்கெடுப்பு எதைப் பற்றியது என்று கேட்டார்கள். தெரியவில்லை. ஊர்த் தலைவரின் பெயர் கேட்டார்கள். அதுவும் வரவில்லை. நடுவில் இருந்த அம்மா இரக்கப்பட்டு, "செய்திகள் வாசிப்பீர்களா?" என்றார்.

"ஒவ்வொரு நாளும் நிறைய வாசிப்பேன்" என்றேன். "எதைப் பற்றி?" என்றார்.

விபத்துகளைப் பற்றி என்று சொல்ல நினைத்தேன். ஜெர்மன் மொழியில் விபத்துகளுக்கு 'உன்ஃபெல்ல' என்பார்கள். பதற்றத்தில் என் வாயில் வந்தது 'அப்ஃபெல்ல'. அதற்குக் குப்பைகள் என்று அர்த்தம். "நான் ஒவ்வொரு நாளும் குப்பைகளை வாசிக்கிறேன்" என்று மூன்று அதிகாரிகளுக்கு முன்னால் நிமிர்ந்து இருந்துகொண்டு சொல்லியிருக்கிறேன். அவர்கள் சிரித்தார்கள், அது கெட்ட சிரிப்பல்ல. இன்னும் கொஞ்சம் ஆயத்தப்படுத்திக்கொண்டு திரும்ப வரச் சொன்னார்கள்.

ஆரணிக்குச் சொன்னபோது அவள் மூச்சு முட்டச் சிரித்தாள். "அப்பா, நீங்கள் சரியாத்தான் சொல்லியிருக்கிறியள்" என்றாள். இந்த வருஷம் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

4

திவசம் முடிந்து சில கிழமைகள் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் ரேட்டோ வந்தான்.

ரேட்டோ என் மருமகன். சுவிஸ் பெடியன், மின்சார வேலை செய்கிறவன். என்னை "மாமா" என்று தமிழில் கூப்பிடுவான். அதற்குப் பிறகு எனக்கு விளங்க வேண்டுமென்று, புத்தகத்தில் இருப்பதுபோன்ற ஜெர்மனை நிறுத்தி நிறுத்திக் கதைப்பான். ஆரணி இல்லாமல் அவன் என் வீட்டுக்கு வந்ததே இல்லை.

"ஆரணி வரவில்லையா?"

"இல்லை மாமா."

சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் குசினிக்குள் வந்து இருந்தான். தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். குடிக்காமல் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஒரு பிள்ளையைக் காணவில்லை என்ற செய்தியைத்தான் அன்று காலை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். மேசையில் போன் அந்தப் பக்கத்திலேயே திறந்து கிடந்தது.

"மாமா," என்றான், "நாங்கள் பிள்ளையைத் தொலைத்துவிட்டோம்."

அவர்களுடைய மொழியில் தொலைப்பதற்கும் இழப்பதற்கும் ஒரே சொல்தான். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஆரணியின் கிட்டா. பிள்ளைகளை ஆரே ஆற்றங்கரைக்கு நடத்திக்கொண்டு போகிறவள் அவள். பிள்ளை ஒன்று கைதவறிவிட்டது என்றே நினைத்தேன். வேலை போய்விடும், வழக்கு வரும், செய்தியில் அவளுடைய படம் வரும். இவ்வளவும் ஒரு கணத்தில் ஓடியது.

"போலீசுக்கு அறிவித்தீர்களா?" என்று கேட்டேன். "ஆற்றங்கரை முழுக்கத் தேடினீர்களா?"

அவன் என்னை விளங்காமல் பார்த்தான். பிறகு அவனுக்கு விளங்கியது. கோப்பையை மேசையில் வைத்துவிட்டு முகத்தை இரண்டு கைகளாலும் மூடினான். இவ்வளவு உயரமான ஒரு ஆண்பிள்ளை என் குசினிக் கதிரையில் இருந்து அழுவதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"எங்களுடைய பிள்ளை, மாமா. ஆரணியின் வயிற்றில் இருந்த பிள்ளை."

அவள் பிள்ளைத்தாய்ச்சி என்பதே எனக்குத் தெரியாது. நாள் கொஞ்சம் போகட்டும், அம்மாவின் திவசத்தன்று அப்பாவுக்கு நேரில் சொல்லலாம் என்று வைத்திருந்தாளாம். அதற்கு முதல்நாள் இரத்தம் போகத் தொடங்கியிருக்கிறது. திவசத்தன்று காலையில் அவள் எனக்குப் போன் எடுத்தது மருத்துவமனைக் கட்டிலிலிருந்து. நான் விளக்கேற்றுவித்த கோவிலிலிருந்து அந்த இடத்துக்கு நடந்தே போய்விடலாம்.

"பிறகு நீங்கள் எடுத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்" என்றான் ரேட்டோ. "எடுக்காதே என்று சொன்னேன். அப்பா தனியாக இருக்கிறார், நான் எடுக்காவிட்டால் பயந்துபோவார் என்றாள்."

மேசையில் கிடந்த போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"நான் இங்கே வந்தது அவளுக்குத் தெரியாது. வேலைக்குப் போகிறாள் இல்லை. என்னோடும் கதைக்கிறாள் இல்லை. உங்களைத் தவிர யாரிடம் போவதென்று எனக்குத் தெரியவில்லை."

சட்டையை மாற்றிக்கொண்டு அவனோடு வெளிக்கிட்டேன்.

5

ரெயிலில் எதிரெதிராக இருந்தோம். வெளியே வயல்களில் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ முறை அந்த வழியில் போயிருக்கிறேன். புல் வெட்டுகிறவர்களை அன்றுதான் கண்டேன். இடையில் கை சட்டைப்பைக்குள் போய்விட்டது. திரையைத் திறந்தும்விட்டேன். ரேட்டோ பார்க்கிறான் என்று தெரிந்த பிறகுதான் மூடினேன். இப்படியொரு நாளிலும் கை போகுமா என்று நீங்கள் கேட்பீர்கள். போகும்.

கதவைத் திறந்த ஆரணி என்னைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் நின்ற அவனைப் பார்த்தாள். சுவிஸ் ஜெர்மனில் வேகமாக ஏதோ சொன்னாள். சொற்கள் எனக்குப் பிடிபடவில்லை, கோபம் பிடிபட்டது. திரும்பிப் போய், போர்வையை இழுத்துக்கொண்டு சோபாவில் இருந்தாள். மெலிந்திருந்தாள். தலை வாரி இழுத்திருக்கவில்லை.

நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். இப்படியான நேரத்தில் ஒரு தகப்பன் மகளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. இது பெண்கள் அறைக்குள் கதைத்து முடிக்கிற விஷயம். ஆண்கள் விறாந்தையில் நிற்பார்கள். அந்த அறைக்குள் போக வேண்டிய மனோகரி இப்போது இல்லை.

"சாப்பிட்டியோ பிள்ளை?"

"பசிக்கேல்லை."

ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"போன மாசம் கிளிநொச்சியிலை ஒரு பிள்ளைக்கு, நிறைமாசத்திலை..."

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். நான் நிறுத்தினேன். எனக்குத் தெரிந்த ஆறுதல் அது ஒன்றுதான். உன்னைவிட மோசமாக வேறு யாருக்கோ நடந்திருக்கிறது. இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்ததும் அதைத்தான்.

"இதுக்குத்தான் அப்பா சொல்லேல்லை" என்றாள். சத்தம் போடவில்லை. "சொல்லியிருந்தா, உங்கடை செய்தியளோடை இதுவும் ஒரு செய்தியாப் போயிருக்கும். ஆர் ஆருக்கு நடந்தது எண்டு எனக்குச் சொல்லுவியள். அம்மா எண்டா சொல்லியிருப்பன்."

"ஓம் பிள்ளை," என்றேன்.

எழும்பிக் குசினிக்குள் போனேன்.

6

பிள்ளை பெற்றவளுக்கும் பிள்ளை கலைந்தவளுக்கும் எங்கள் ஊரில் சரக்குக் கறி கொடுப்பார்கள். எத்தனை பேருக்குச் சமைத்திருக்கிறேன், இதை ஒரு நாளும் வைத்ததில்லை. ஆரணி பிறந்தபோது மனோகரிக்கு அதைக் கொடுத்தது, அப்போது எங்களுக்கு மேல்வீட்டில் இருந்த ஒரு மட்டக்களப்பு அக்கா. அந்தக் குசினியில் நின்றபடியே வதனிக்குப் போன் எடுத்தேன்.

"என்ன அண்ணை, என்ன நடந்தது?" என்றாள். அவளும் என் போனுக்குப் பயப்படப் பழகியிருந்தாள்.

"ஒண்டுமில்லை. சரக்குக் கறிக்கு என்னென்ன அரைக்கிறது?"

"ஆருக்கு?"

நான் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. அவளுடைய பக்கத்தில் ஒரு கோழி கத்தியது மட்டும் கேட்டது. பிறகு, மூக்கை உறிஞ்சிவிட்டு, ஒவ்வொன்றாகச் சொன்னாள். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு என்கிற சுக்கு. உள்ளிப்பூண்டு நிறையப் போட வேண்டும். புளி ஆகாது. "பச்சையா அரைக்காதைங்கோ அண்ணை, மெல்லிசா வறுத்துப்போட்டு அரையுங்கோ. கண்ட மீனைப் போடாதைங்கோ, சூடாக்கும்."

வீட்டில் மிளகும் மஞ்சளும் மட்டுமே இருந்தன. மிச்சத்தை ரேட்டோ எழுதிக்கொண்டு தமிழ்க் கடைக்கு ஓடினான். வேர்க்கொம்பு என்று சொல்லத் தெரியாமல், கடையிலிருந்து எனக்குப் போன் எடுத்து, கடைக்காரருக்கு என்னைக்கொண்டு சொல்லவைத்து வாங்கிக்கொண்டு வந்தான். கோழி போட்டுத்தான் வைத்தேன். வாசம் வீடு முழுக்கப் பரவியது. கைப்பாகத்தான் இருந்தது, உப்பும் மட்டு.

ஆரணி இரண்டு வாய் சாப்பிட்டாள். கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கதைக்கத் தொடங்கினாள். அவளுடைய தமிழ் இடையிடையே நின்றுவிடும். அந்த இடத்தில் ஜெர்மன் வரும். பிறகு திரும்பி வரும். அன்று நான் ஒரு சொல்லையும் திருத்தவில்லை. வலி எப்படித் தொடங்கியது, தாதி எப்படிக் கையைப் பிடித்தாள், திரையில் முன்பு துடித்தது எப்படித் துடிக்காமல் கிடந்தது. பெண்பிள்ளை என்றால் மனோ என்று கூப்பிட நினைத்திருந்தார்களாம்.

"பெண்பிள்ளைதானாம் அப்பா," என்றாள்.

வாசித்த மரண அறிவித்தல்கள் எல்லாவற்றையும் யோசித்தேன். இந்தப் பிள்ளைக்குப் பிறப்பிடமும் இல்லை, வதிவிடமும் இல்லை. பேர்ணில் ஒரு பெண்ணின் வயிற்றில் கொஞ்சக் காலம் இருந்தது; அவ்வளவுதான் அதன் சரித்திரம். அழ வேண்டும்போல் இருந்தது. ஆனால் அது அவளுடைய நேரம் என்று இருந்தேன். அவள் சாய்ந்து வந்து என் தோளில் தலையை வைத்தபோது, பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்த காலத்துக்குப் பிறகு இதுதான் முதல்முறை என்று நினைத்துக்கொண்டேன்.

7

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். அவள் திரும்ப வேலைக்குப் போகிறாள். முதலில் அரை நாள்தான். சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடிக்கும்போது என்ன நினைப்பாள் என்று நான் கேட்பதில்லை. நான் சனிக்கிழமைகளில் போகிறேன். சில சனிக்கிழமைகளில் அவள் கதைப்பாள். சிலவற்றில் அறைக்கதவு மூடியிருக்கும். நானும் ரேட்டோவும் தொலைக்காட்சியில் பனிச்சறுக்குப் பார்ப்போம். அவனுக்கும் எனக்கும் கதைப்பதற்கு அதிகம் இல்லை. போனை நான் விட்டுவிடவும் இல்லை. காலையில் பெருவிரல் இன்னும் ஓடுகிறது. வாசித்ததை விழுங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறேன். வீட்டில் ஒரு செய்தியை வாய்விட்டு வாசித்தால் சுவர்தான் கேட்கும்.

இதை எழுதலாமா என்று ஆரணியைக் கேட்டேன். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அதனால் நானே வாசித்துக் காட்டினேன். முடியும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பேருகளை மாத்திப்போட்டுப் போடுங்கோ," என்றாள். மாற்றியிருக்கிறேன்.

போன சனிக்கிழமை பின்னேரம் ஸ்டேஷன்வரை கூட வந்தாள். ரெயில் வருமுன் என் கழுத்துச் சால்வையை இழுத்துச் சரிப்படுத்திவிட்டு, "போய்ச் சேந்தோடனை எடுங்கோ" என்றாள்.

வீட்டுக் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டுவிட்டு எடுத்தேன்.

"வந்திட்டன் பிள்ளை."

"ம். வேறை என்ன அப்பா?"

"வேறை ஒண்டும் இல்லை."

அவள் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அவளுடைய பக்கத்தில் தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தமும், கோப்பைகள் ஒன்றோடொன்று படும் சத்தமும் கேட்டன. பிறகு குழாய் நின்றது.

"அப்பா, கிட்டாவிலை ஒரு பெடியன் இருக்கிறான். நேற்று என்ன செய்தவன் தெரியுமோ?"

"சொல்லு," என்றேன்.

அவள் சொல்லத் தொடங்கினாள். நான் சப்பாத்தும் கழற்றாமல், வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.